பத்தொன்பதாம் எண்ணின் எட்டு வாரங்கள்

எங்கள் சலவைக்கூடத்தில் ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு சின்ன மெஷின் இருக்கிறது. நம் எண்ணை அழுத்திவிட்டுப் பச்சைப் பொத்தானைத் தொட்டால் உள்ளே வந்துவிட்டோம். சிவப்பைத் தொட்டால் வெளியே போய்விட்டோம். நடுவில் நாம் என்ன ஆனோம் என்று அது கேட்பதில்லை. என் எண் பத்தொன்பது. அது எனக்கு மட்டும் தெரிந்த எண் அல்ல. எல்லோருக்கும் எல்லோருடைய எண்ணும் தெரியும். யாருக்காவது பல் வலி, வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது, மனசு சரியில்லை என்றால் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். இருக்கிறவர்கள் அவள் எண்ணை அழுத்தி, அவள் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள். இதற்குக் கைமாத்து என்று பெயர். வட்டி இல்லை, சாட்சி இல்லை. திருப்பித் தந்தாயா என்று கேட்டவர்களும் இல்லை.

நான் மடிப்புப் பிரிவு. அதனால் என்னை மடிப்பு என்றே கூப்பிடுவார்கள். ஓட்டல் போர்வைகள் காலையில் வரும். ஆஸ்பத்திரித் துணிகள் மதியம் வரும். ஆஸ்பத்திரித் துணிக்கு ப்ளீச்சிங் கூடப் போட வேண்டும். என் வயிற்றில் பிள்ளை தங்கியதும் முதலில் கோபித்துக்கொண்டது மூக்குதான். மதியம் அந்த வாடை மடிப்பு அறைக்குள் நுழைந்ததும் நான் வாளியைத் தேடி ஓடுவேன். மூன்று மாதத்தில் போய்விடும் என்று எல்லோரும் சொன்ன மசக்கை, ஐந்தாவது மாதத்திலும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரன்போல உட்கார்ந்திருந்தது. டாக்டர் அரை நாள் வேலைதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மதியம் ஒரு மணிக்குச் சிவப்பைத் தொட்டுவிடுவேன்.

தொட்டுவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. என் கணவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஐந்து மணிக்குத்தான் ஸ்கூட்டரில் வந்து என்னைக் கூட்டிப் போவார். பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் வாந்தி. அதனால் மாடியில் இஸ்திரி அறைக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். சூடான துணியின் வாசனை ஒன்றுதான் அந்த மாதங்களில் என்னோடு சமாதானமாக இருந்தது.

இஸ்திரி அறை ஏழாம் எண்ணுடையது. ஏழாம் எண் இஸ்திரி அக்கா. குரல் பெரிசு, ஆள் சின்னது. கணவன் இல்லை, ஏழு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். பள்ளிக்கூடம் மூன்றேகாலுக்கு விடும். கூட்டிவர வேறு யாரும் இல்லை. மூன்று மணி ஆனதும் அக்கா மேலங்கியைக் கழற்றி ஆணியில் எறிவாள்.

"ஏய் மடிப்பு, சும்மாதானே உட்கார்ந்திருக்கே. இந்தத் தலையணை உறையை மட்டும் உருளையில விட்டு எடுத்துடு. அஞ்சு மணிக்கு நம்ம ஏழாம் நம்பரைச் சிவப்புல போட்டுட்டுப் போ, என்ன?"

"சரிக்கா, நீ ஓடு."

நானும் உறைகளை விட்டு எடுப்பேன். மறுபக்கம் வெதுவெதுப்பாக வந்து விழும். மடித்து அடுக்குவேன். அதை வேலை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவள் கை சும்மா இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். எத்தனையோ மாலைகளில் கணவரிடம், "இன்னைக்கு மதியம் நல்லா ரெஸ்ட் எடுத்தேங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

பேறுகாலச் சம்பளம் பற்றிய பேச்சு ஒரு சாப்பாட்டு இடைவேளையில் வந்தது. கணக்கு மேடம் தன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்து, "நீ இன்னும் கேக்கவே இல்லையே" என்றாள்.

"என்ன கேக்கணும்? எட்டு வருஷமா வேலை பார்க்கிறேன். குடுப்பீங்கதானே?"

"எட்டு வருஷமெல்லாம் யாருக்கு வேணும்? சட்டத்துக்கு ஞாபக சக்தி எட்டு வாரம்தான்."

எல்லோரும் டம்ளரைக் கீழே வைத்தார்கள். மேடம் மேசை மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாள். பிரசவம் என்று குறித்த வாரத்திலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே போனால் பதினைந்தாவது வாரம் ஒன்று வரும். அதற்கு முந்தைய எட்டு வாரங்களில் வந்த சம்பளத்தைக் கூட்டி, எட்டால் வகுத்தால் கிடைப்பது என் சராசரி. அந்தச் சராசரி அரசாங்கம் வைத்திருக்கும் ஒரு கோட்டைத் தொட வேண்டும். தொட்டால் முதல் ஆறு வாரம் சராசரியில் பத்துக்கு ஒன்பது பங்கு. அதற்குப் பிறகு பல மாதங்களுக்கு ஒரு சின்னத் தொகை.

"தொடலைன்னா?" என்றாள் இஸ்திரி அக்கா.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லைன்னா?"

"ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணுமே இல்லதான். அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

அந்த எட்டு வாரங்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. ஆறு முடிந்துவிட்டது. ஆறிலும் நான் அரை நாள்காரி. எட்டு வருடம் முழு நாள் மடித்த என்னைச் சட்டம் திரும்பிப் பார்த்த நேரம் பார்த்து, நான் வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு குறையுது?" பாய்லர் அண்ணன் கேட்டார். அவர் எப்போதாவதுதான் பேசுவார். பேசினால் நீராவி போவது மாதிரி இருக்கும்.

"ஒரு நாலு நாள் கூலி கூட வந்தா தொட்டுடும். ஆனா அவளால முடியாதே. டாக்டர் எழுதிட்டாரு" என்றாள் மேடம்.

வாஷிங் பிரிவில் இருக்கும் அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் "பாவம்" என்றார்கள். டிரைவர் தம்பி பல்லைக் குத்தினான். நான் கை கழுவப் போனேன். ஒன்றும் இல்லையென்றால் கணக்கு எளிது. கணவர் சம்பளம் வாடகைக்கும் மளிகைக்கும் சரி. பிள்ளை பிறந்த மறு மாதம் நான் இந்த ப்ளீச்சிங் வாடைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளை யார் மடியில் இருக்கும் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

வீட்டில் கணவர் எனக்குச் சராசரி சொல்லிக்கொடுத்தார். லிஃப்ட் ஸ்குரூக்களைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி எட்டுக் குவியலாக்கினார்.

"இங்க பாரும்மா. உசரமா இருக்கறதுலேர்ந்து எடுத்துக் குட்டையா இருக்கறதுல போடு. எல்லாம் ஒரே உசரம் ஆனதும் நிறுத்து. அதான் சராசரி."

"எல்லாமே குட்டையா இருந்தா?"

அவர் குவியல்களையே பார்த்தார். "அப்ப லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுன்னு அர்த்தம். கதவு திறக்காது. யாராச்சும் மேலேர்ந்து கையால சுத்தணும்."

ஒரு ஸ்குரூ உருண்டு ஃப்ரிட்ஜுக்கு அடியில் போனது. இரண்டு பேரும் அதைத் தேடவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் சலவைக்கூடத்தில் எல்லோர் முகமும் ஒரு மாதிரி இருந்தது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு விழுங்காமல் இருப்பவர்களின் முகம். பாய்லர் அண்ணன் என்னைப் பார்த்து இரண்டு முறை சிரித்தார். அதற்கு முன் எட்டு வருடத்தில் மொத்தமே இரண்டு முறைதான் சிரித்திருப்பார். வயிற்றைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கர்ப்பிணிக்கு உலகத்தில் நடக்கும் எல்லாமே தன் வயிற்றைப் பற்றியது என்று தோன்றும். அந்த முறை அது உண்மையாகவும் இருந்தது.

எட்டாவது வாரம் முடிந்த திங்கட்கிழமை கணக்கு மேடம் மடிப்பு அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"போன வாரம் நீ எங்கே இருந்தே?"

"இங்கதான் மேடம். ஒரு மணி வரைக்கும்."

"அப்புறம் பாய்லர் ரூம்ல?"

"பாய்லர் ரூமா?"

"ராத்திரி பூரா. அதே நேரத்துல வாஷிங் ரூம்லயும் இருக்கே, ரெண்டு ஆளா. வண்டியில ஓட்டலுக்கும் போயிருக்கே. இஸ்திரி ரூமுக்குத் தினமும் காலையில போறே, வெளியே வரவே இல்ல. இப்பக்கூட அங்கதான் இருக்கே." மேடம் என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். "ஒரு வாரத்துல எவ்வளவு மணி நேரம் உண்டோ அதை விட அதிகமா வேலை பார்த்திருக்கே. உன் சராசரி என் சம்பளத்தைத் தாண்டிடுச்சு."

கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. ஊர் கூடித் தேர் இழுக்கலாம். இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லாமல் ஆளுக்கொரு தேரைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவரும் நாலு நாள் கூலியைத் தானே கொடுப்பதாக முடிவு செய்து, போதாவிட்டால் என்ன செய்வது என்று இன்னும் கொஞ்சம் சேர்த்து, தன் எண்ணுக்குப் பதில் என் எண்ணை அழுத்தியிருக்கிறார்கள். மெஷின் சொன்னபடி பார்த்தால், கடைசி வாரத்தில் அந்தச் சலவைக்கூடத்தில் வேலைக்கு வந்தது ஒரே ஒரு ஆள். அரை நாள்காரியான நான்.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி நினைவு வந்தது. அன்று நெற்றியில் ஈரத்துணியோடு வீட்டில் படுத்திருந்தேன். பத்தொன்பது அப்போது பாய்லருக்கு எண்ணெய் பார்த்திருக்கிறாள், நூறு போர்வை அலசியிருக்கிறாள், வண்டியில் போய் இறக்கிவிட்டு வந்திருக்கிறாள். அவளுக்குக் கால் வீங்கவில்லை. குமட்டவில்லை. எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது; பின்னாலேயே பொறாமையும் வந்தது. அவளுக்குத்தான் பிள்ளை பிறந்திருக்க வேண்டும், நன்றாக வளர்ப்பாள் என்று தோன்றியது.

"நீங்களும் அழுத்தினீங்களா மேடம்?"

மேடம் புடவை முந்தானையைச் சரிசெய்தாள். "ஒரே ஒரு மதியம்" என்றாள்.

மெஷின்கள் எழுதியதைத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் தானாகவே அனுப்பிவிடும். புதன்கிழமை ஆபீசர் அம்மா வந்துவிட்டார். கனமான பை, கனமான மூக்குக்கண்ணாடி. வந்ததும் வராததுமாக மேனேஜரைப் பார்த்து, "முதல்ல அந்தப் பொண்ணை வெளியே விடுங்க" என்றார்.

"எந்தப் பொண்ணு மேடம்?"

"இஸ்திரி ரூம்ல ஒன்பது நாளா அடைச்சு வச்சிருக்கீங்களே, ஆறு மாசக் கர்ப்பிணி!"

என்னைக் கூட்டி வந்தார்கள். ஆபீசர் அம்மா என்னைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டார். உட்காரக்கூட விடவில்லை. படுக்க வேண்டும் என்றார். படுக்க அங்கே கட்டில் ஏது? துணி கொண்டுபோகும் சக்கர வண்டியில் வெள்ளைத் துண்டுகளைப் பரப்பி என்னைத் தூக்கிக் கிடத்தினார்கள். விசாரணை முழுவதும் நான் அதில்தான் கிடந்தேன். யாராவது கை ஊன்றினால் வண்டி நகரும். டிரைவர் தம்பி காலால் பிரேக் போட்டுக்கொண்டு நின்றான்.

"ஏம்மா, கடைசியா எப்பத் தூங்கினே?"

"நேத்து ராத்திரி மேடம்."

"பொய் சொல்லாதே. நேத்து ராத்திரி நீ இஸ்திரி ரூம்ல இருந்தே. பயப்படாம சொல்லு. மேனேஜர் ரூமுக்குள்ளயும் தினமும் காலையில எட்டு மணிக்கு உன் எண் விழுந்திருக்கு. அங்க உனக்கு என்ன வேலை?"

மேனேஜர் முகம் நன்றாக வெளுத்துப்போனது. இவ்வளவு வெள்ளையை ப்ளீச்சிங்கில் நாங்கள் பார்த்ததில்லை. பாய்லர் அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"அது நான்தான்மா. சார் பத்து மணிக்குத்தான் வருவாரு. எட்டு மணிக்கு நான்தான் அவருக்கு ஒண்ணாம் நம்பரை அழுத்தி விடுவேன். போன வாரம் கைப் பழக்கத்துல அங்கயும் பத்தொன்பதே விழுந்துடுச்சு."

"அப்ப பாய்லர் ரூம்ல இருந்தது?"

"அதுவும் நான்தான்."

"வாஷிங்?"

"நான்" என்றார்கள் அக்காவும் தங்கையும். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நீயுமாடீ? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ மட்டும் சொன்னியாக்கும்!"

ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னை மீட்க வந்தவருக்கு, மீட்கப்பட வேண்டியவள் யாரென்றே தெரியாமல் போய்விட்டது. ஒரு துண்டை எடுத்து முகத்தையும் துடைத்துக்கொண்டார். கைமாத்து என்றால் என்ன என்று கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி. மத்தவங்க அழுத்தினதையெல்லாம் எடுத்துடுறேன். யார் செஞ்சாங்களோ அவங்க பேர்ல போடறேன். இவளுக்கு அரை நாள்தான் மிச்சம்." கொஞ்சம் நிறுத்தி, "கோடு தொடாது" என்றார் மெதுவாக. குரலில் வருத்தம் இருந்தது. பேனாவில் இல்லை.

மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை. பத்தொன்பது போய்விட்டாள், அவ்வளவுதான். நான் பழைய நான் ஆகிவிட்டேன். துண்டுகளின் அடியிலிருந்து வண்டியின் இரும்பு முதுகில் குளிர்ந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் ஆபீசர் அம்மா. "ஏழாம் நம்பர் யாரு? போன வாரம் ஒரு நாள்கூட உள்ளே வரல. ஆனா தினமும் அஞ்சு மணிக்கு வெளியே போயிருக்கு. உள்ளே வராதவ எப்படி வெளியே போவா?"

இஸ்திரி அக்கா அசையாமல் நின்றாள். அவள் காலையில் ஏழுக்குப் பதில் பத்தொன்பதை அழுத்தியிருக்கிறாள். நான் அது தெரியாமல் வழக்கம்போல மாலையில் ஏழைச் சிவப்பில் போட்டிருக்கிறேன்.

"ஏம்மா, நீ யாருக்காவது கைமாத்து பண்ணியிருக்கியா?" ஆபீசர் அம்மா வண்டியின் மேல் குனிந்தார்.

அக்காவின் கண் என் மேல் படவில்லை. அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டே முக்கால். இன்னும் அரை மணியில் பள்ளிக்கூட வாசலில் அந்தச் சின்னப் பெண் வந்து நிற்பாள். வேலை நேரத்தில் தினமும் இரண்டு மணி நேரம் வெளியே போனவள் என்று எழுதினால் அக்காவுக்கு வேலை போய்விடும்.

"இல்ல மேடம்" என்றேன். "மதியத்துக்கு மேல நான் ரெஸ்ட்தான் எடுப்பேன்."

சொல்லும்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அப்படித்தான் நான் நம்பியிருந்தேன்.

"பொய் சொல்றா!" என்று கத்தினாள் அக்கா. வண்டி ஓர் அங்குலம் நகர்ந்தது. "ரெஸ்டாம் ரெஸ்டு! தலையணை உறை எல்லாம் தானா மடிஞ்சு உட்கார்ந்துக்குமா? மூணு மணிக்கு நான் புள்ளையைக் கூப்பிடப் போயிடுவேன் மேடம். அஞ்சு வரைக்கும் இவதான் பாக்குறா. எட்டு வாரமும் இவதான். கூலி வாங்கினது நானு."

"அக்கா, சும்மா இரு."

"நீ சும்மா இருடீ! வயித்துல புள்ளையை வச்சுக்கிட்டு வாயில பொய்யை வச்சுக்கிட்டு! நாங்க எல்லாம் உனக்கு நாலு நாள் குடுக்கறோம்னு இல்லாத கூத்தெல்லாம் அடிச்சோம். உன்னோட நாள் என்கிட்டயே இருந்திருக்கு, எனக்கும் தெரியல, உனக்கும் தெரியல. எழுதுங்க மேடம். அவளோடதை அவ பேர்ல எழுதுங்க."

ஆபீசர் அம்மா எழுதினார். கணக்கு மேடம் கூட்டினாள், எட்டால் வகுத்தாள். அவள் உதடு அசைவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கணவரின் ஸ்குரூக் குவியல்கள் என் கண்ணுக்குள் வந்தன. அக்காவின் குவியலிலிருந்து எடுத்து என்னுடையதில் போடுகிறார்கள். ஆனால் அவை முதலிலிருந்தே என் ஸ்குரூக்கள். ஃப்ரிட்ஜுக்கு அடியில் கிடந்தவை.

"தொட்டாச்சு" என்றாள் மேடம். "தாண்டியே போயிடுச்சு."

வாஷிங் அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் அழுதார்கள். மேனேஜர் மட்டும் அழவில்லை.

"அது சரி. வேலை நேரத்துல வெளியே போனவங்க மேல நடவடிக்கை எடுக்க வேணாமா மேடம்?" என்றார் இஸ்திரி அக்காவைப் பார்த்து.

"தாராளமா எடுங்க" என்றார் ஆபீசர் அம்மா. "எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்து மணிக்கு வர்றதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

பாய்லர் அண்ணன் சிரித்தார். அது ஐந்தாவது முறை.

இஸ்திரி அக்காவுக்கு அன்றிலிருந்து மூன்று மணி வரைதான் வேலை என்று மேனேஜரே எழுதிக் கொடுத்துவிட்டார். வேறு வழி? வாங்கிய கூலியை அக்கா மாதாமாதம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "நீ எனக்குக் குடு, அப்புறம் நான் உனக்குக் குடுக்கறேன், மறுபடி அந்தம்மா பையைத் தூக்கிட்டு வரட்டும்" என்றாள். மேலங்கியை ஆணியில் எறிந்துவிட்டு, ஏழைத் தானே சிவப்பில் போட்டுவிட்டு ஓடினாள்.

அவள் போனதும் அறை அமைதியாக இருந்தது. உருளை சுற்றிக்கொண்டிருந்தது. டாக்டரின் அரை நாள் சீட்டு அந்த வாரத்தோடு முடிந்திருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலையானால் இன்னும் இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று புதிதாக எழுதியிருந்தார். நான் வாசலுக்குப் போய் அந்த மெஷினில் பத்தொன்பதை அழுத்திப் பச்சையைத் தொட்டேன். முதல் முறையாக நானே, என் விரலால், அந்த அறைக்குள் வந்தேன்.

ஸ்டூல் அதேதான். உறைகளும் அவையேதான். வெதுவெதுப்பாக வந்து விழுந்தன. மடித்தேன், அடுக்கினேன். அரை மணி ஆவதற்குள் முதுகு வலித்தது. ஒரு மணி நேரத்தில் தோள் இறங்கிப்போனது. எட்டு வாரமும் எங்கே போயிருந்தது இந்த வலி என்று யோசித்தேன். அது அக்காவின் பேரில் விழுந்திருக்க வேண்டும்.

ஐந்து மணிக்குக் கணவர் கீழே ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"என்னம்மா, இப்படிக் களைச்சுப் போயிட்டே? மதியம் ரெஸ்ட் எடுக்கலையா?"

"இல்லங்க" என்றேன். "வேலை பார்த்தேன்."